இரு பானைகளும் ஒரு கீரையும்

மக்கள் முதன்முதற் கற்ற கல்வி எழுத்தும் எண்ணும் அல்ல. எது தின்னத்தக்கது, எது தின்னத்தகாதது என்னும் பகுப்பே அவர்கள் கற்ற முதற்கல்வியாகும். ஏடும் எழுத்தாணியும் தோன்றுமுன்னரே அக்கல்வி தாயிடமிருந்து மகளுக்கும், மாமியிடமிருந்து மருமகளுக்கும் வாய்மொழியாக வந்தது. அதற்குப் பள்ளிக்கூடம் இல்லை; பட்டமும் இல்லை; ஆயினும் அதில் தவறியவர்க்கு இரண்டாம் முறை தேர்வு வைக்கப்படுவதில்லை. இத்துணைப் பழமையும் அருமையும் வாய்ந்த கல்வியை நம் தலைமுறை வெட்கத்தின் பொருட்டுக் கைவிட்டு வருகின்றது என்பதும், அதனைக் காக்கும் கடமை கலாசாலை மாணாக்கராகிய நமக்கு உண்டு என்பதும் நம் கருத்து. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில், வீரசோழனைச் சூழ்ந்த கரிசற்காட்டில், மழைக்குப்பின் தானே முளைக்கும் வேளைக்கீரை என்னும் எளிய செடியொன்றைக் கொண்டு இக்கருத்தை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தமிழ் நூலும் திருமறையும் ஒருங்கே பயிலும் பேறு நமக்கு வாய்த்துள்ளமையால், இரு நூல்களிலும் கொதிக்கின்ற இரண்டு பானைகளை முதலில் நினைவு கூர்வோம்.

முதற் பானை சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்மீது பாடிய இப்பாட்டு, பத்துப்பாட்டுள் ஒன்று. 1889-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார்கள். அதனால் அன்றோ நாம் இன்று வகுப்பறையில் இதனைக் கற்கின்றோம்! பரிசில் பெற்று யானையொடும் தேரொடும் மீளும் பாணன், தன் பழைய வறுமையைக் கூறுமிடத்து ஓர் அட்டிற்சாலையைக் காட்டுகின்றான். கூரை வீழ்ந்து கிடக்கின்றது. கரையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கின்றது. கண் திறவாத குட்டிகள் முலையைப் பற்ற, பாலற்ற தாய்நாய் நோவு பொறாது குரைக்கின்றது. அவ்வீட்டுக் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைத் தன் நகத்தாற் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். பிறர் காணுவரே என்று நாணிக் கதவை அடைக்கின்றாள். பின்னர்ச் சுற்றத்தார் அனைவரோடும் கூடியிருந்து அதனை உண்கின்றாள்.

இரண்டாம் பானை திருமறையில் இராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. கில்காலில் பஞ்சம். தீர்க்கதரிசியாகிய எலிசா, தம் முன் அமர்ந்திருந்த தீர்க்கதரிசிகளின் புத்திரருக்குக் கூழ் காய்ச்சுமாறு பணிக்கின்றார். அவர்களுள் ஒருவன் கீரை பறிக்க வெளியே செல்கின்றான். ஒரு காட்டுக் கொடியைக் காண்கின்றான். அதன் காய்களை மடி நிறையக் கொணர்ந்து, இன்னதென்று அறியாமல் கூழிலே அரிந்து போடுகின்றான். வாயில் வைத்த மாத்திரத்தில், பானையிலே சாவு இருக்கின்றதென்று அனைவரும் அலறுகின்றனர். நம் தமிழ் வேதாகமம் அக்கொடியைப் பேய்க்கொம்மட்டி என்று பெயர்த்துள்ளது. தருப்பூசணியின் இலைபோற் பிளந்த இலையும், உருண்ட வரிக்காயும், நாவு தாங்காக் கசப்பும் உடைய அக்கொடி, வறண்ட நிலங்களில் படர்வது. குடலைப் புண்படுத்திப் பெருங்கழிச்சலை உண்டாக்குவது.

இவ்விரு பானைகளையும் ஒப்பிட்டு நோக்குமின். பசி இரண்டிற்கும் பொது. புறத்தே சென்று பறித்தலும் பொது. ஒன்று ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்தது. மற்றொன்று ஒரு கூட்டத்தின் உயிரைப் போக்கவிருந்தது. வேற்றுமை யாது? கில்காலில் பறித்தவனும் பறிக்க அஞ்சாதவனே. உழைப்பிற் குறைந்தவனும் அல்லன். மடி நிறையக் கொணர்ந்தவன் அவன். அவனிடம் இல்லாதது அறிவு ஒன்றே. கிணைமகளிடமோ உப்பும் இல்லை. அறிவு மட்டும் இருந்தது. அவள் வீட்டுச் சுவரிலேயே காளான் பூத்திருந்தது என்று புலவர் கூறுகின்றார்; ஆயினும் அவள் உலையில் ஏறியது வேளைக்கீரை. காளானை ஏன் விட்டாள் என்று பாட்டுக் கூறவில்லை. எனினும், அறியாக் காளானைத் தீண்டாது அறிந்த கீரையை நாடுதலே இன்றளவும் நம் மூதாட்டியர் கொண்ட நெறி என்பதை நாம் அறிவோம்.

இனி அக்கீரையை அறிவோம். வேளை என்னும் பெயர் இருவகைச் செடிகளுக்கு வழங்கும். ஒன்று நல்வேளை, தைவேளை என்பாரும் உளர். மற்றொன்று நாய்வேளை, அதன் விதையைக் கருதி நாய்க்கடுகு என்றும் கூறுவர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் முன்னதற்குக் கிளியோமி கைனாண்ட்ரா என்றும், பின்னதற்குக் கிளியோமி விஸ்கோசா என்றும் பெயரிட்டார். அவர் இரண்டையும் பிரித்தறிதற்கு மிகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ‘நல்’ என்றும் ‘நாய்’ என்றும் அடைகொடுக்கும் வழக்கால் தமிழர் அவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே பொதிந்து வைத்தனர் போலும். கறிக்கு ஆவது நல்வேளையே.

நல்வேளை முழங்காலளவு முதல் இடுப்பளவு வரை நிமிர்ந்து வளரும். தண்டில் மெல்லிய மயிர் இருக்கும். தொட்டாற் சிறிது பிசுபிசுக்கும். பல செடிகளில் தண்டு ஊதா நிறம் ஏறியிருக்கும். ஒரு காம்பின் நுனியில் ஐந்து சிற்றிலைகள், விரித்த கைவிரல்கள் போல நிற்கும். சிலபோது மூன்றோ ஏழோ இருத்தலும் உண்டு. பூ வெள்ளை, சிறிது ஊதாச் சாயலும் ஏறலாம். இதழ்கள் நான்கு. பூவின் நடுவினின்று நீண்ட காம்பொன்று எழும். அதன் இடையிலிருந்து ஊதாநிறக் கேசரங்கள் ஆறும் புறப்படும். பாசிப்பயற்று நெற்றைப்போல் நீண்டு மெலிந்த காய், தனிக்காம்பில் நிற்கும். இலையைக் கசக்கினால் கடுநெடி வீசும்.

நாய்வேளைக்கோ பூ மஞ்சள். அதன் கேசரங்களுக்கு நடுவே எழும் தனிக்காம்பு இல்லை. பூவின் அடியிலிருந்தே பலவாகப் புறப்படும். செடி முழுதும் மிகவும் பிசுபிசுக்கும். அது கொடிய நஞ்சு என்று நாம் கூறவில்லை. அதன் விதையைக் கடுகுபோல் தாளிப்போரும் உளர். ஆயினும் ஒன்றென்று எண்ணி மற்றொன்றைப் பறிக்கும் கண், நாளை நஞ்சையும் பறிக்கும். ஆதலால் கண்ணைப் பழக்குதல் முதற்கடமை.

உண்மையான அச்சம் வேறொரு செடியால் நேர்வது. வேளை விரும்பி வளரும் குப்பைமேட்டிலேயே ஊமத்தையும் முளைக்கும். வளர்ந்த ஊமத்தையை, அதன் நீண்ட குழற்பூவும் முட்காயும் காட்டிக்கொடுக்கும். இளங்கன்றாக இருக்கும்போதோ, அவசரக்காரர் கையில் ஒரு பிடி கீரையோடு அதுவும் வந்துவிடக்கூடும். ஊமத்தையின் இலையும் விதையும் நாவை வறளச் செய்யும். கண்மணியை விரியச் செய்யும். பிதற்றலையும் மயக்கத்தையும் உண்டாக்கும். உயிருக்கும் இறுதி பயக்கும். வேகவைத்தலால் அதன் நஞ்சு நீங்காது. ஆகவே கீரையைக் கத்தியால் அறுத்தலும், பிடியாகப் பிடுங்குதலும் ஆகா. ஒவ்வொரு நுனியாக நோக்கிக் கிள்ளுதல் வேண்டும். கிணைமகள் நகத்தாற் கிள்ளினாள் என்று புலவர் கூறியது வறுமையின் சித்திரமாக மட்டும் நமக்குத் தோன்றியிருந்தது. அஃது ஒரு முறைமையும் ஆகும் என்பது இப்போது விளங்குகின்றது. நகத்தாற் கிள்ளுவோர்க்கு ஒவ்வோர் இலையும் கண்முன் வந்தே தீரும்; முற்றிய தண்டு நகத்துக்கு இடங்கொடாது ஆதலால் இளந்தளிரே கையில் சேரும்.

சென்ற மார்கழியில், கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, வீரசோழனை அடுத்த பருத்திப் புஞ்சை ஒன்றில் களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைக் கண்டோம். ‘அப்பத்தா, ரெண்டும் வேளைதானே? எதை ஆக்குவது?’ என்று வினவினோம். அவர் நிமிர்ந்தும் பாராமல், ‘வெள்ளப் பூவு சட்டிக்கு, மஞ்சப் பூவு மண்ணுக்கு, இம்புட்டுத்தான்யா வெவரம்’ என்றார். லின்னேயஸின் நூலில் இரண்டு பத்திகளில் அடங்குவது, இங்கே ஒரு வரியில் அடங்கிவிட்டது. நாம் வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைக் கண்டதும் அவர் முகம் வாடியது. ‘நாங்க இதத் திங்கிறோம்னு ஊருக்குள்ள போய்ச் சொல்லிறாதய்யா, பேத்தி வைவா’ என்றார்.

நண்பர்காள்! சிறுபாணாற்றுப்படையில் அடைத்த கதவு இன்னும் திறக்கப்படவில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வேளைக்கீரை மறைவில் உண்ணும் உணவாகவே இருக்கின்றது. ஆனால் ஒரு நுட்பத்தை நாம் நோக்கல் வேண்டும். அக்கிணைமகள் யாருடைய கண்ணுக்கு நாணினாள்? புலவர் அவர்களை மடவோர் என்கின்றார். அறிவிலார் என்பது அதன் பொருள். வறுமையின் இயல்பை அறியாது நகைப்பவர் எவரோ, அவரே மடவோர். உண்டவளைப் புலவர் இழித்தாரல்லர், நகைப்பவரையே இழித்தார். பரீட்சைக்காக இவ்வடிகளை நெட்டுருப் பண்ணும் நாம், விடுதியில் கீரை கண்டவுடன் முகஞ்சுளித்து ‘மாட்டுத்தீனி’ என்று எள்ளுகின்றோமே, நாம் எவ்வினத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பாட்டே கூறிவிட்டது.

இவ்வெட்கத்தால் விளையும் கேடு சிறிதன்று. பேத்தி ஏசுவாள் என்று பாட்டி மறைத்தால், பேத்திக்கு அச்செடி தெரியாது. பேத்திக்குத் தெரியாதது அவள் மகளுக்கு வருவது எங்ஙனம்? ஒரு மொழியின் சொற்கள் பேசுவாரின்றி அழிவதுபோல, இவ்வறிவும் உண்பாரின்றி அழியும். அழிந்தபின் பசி வந்தால், நம் பேரர் கில்காலில் மடி நிறையப் பறித்தவன் நிலையில் நிற்பர். தாது வருஷப் பஞ்சம் என்று முதியோர் கூறும் 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்ட பாடு சரித்திரத்தில் உள்ளது. அத்தகைய காலத்தில் காட்டுக்கீரையும் கிழங்கும் அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வேற்றுமை, உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேற்றுமையாகும்.

‘இன்று பஞ்சம் எங்கே? 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது, குப்பைக்கீரை எதற்கு?’ என்று வினவுவார் உளர். அரிசி வயிற்றை நிரப்பும், குருதியை நிரப்பாது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர். கீரை இந்நோய்க்கு மருந்தென்று கூறுதல் பிழை. மருத்துவர் தரும் மாத்திரைக்கு அது மாற்றாகாது. ஆயினும் சோறும் குழம்புமாகவே கழியும் ஏழையின் தட்டில், வைட்டமின் ஏ ஆக மாறும் பொருளும், சுண்ணாம்புச் சத்தும், இரும்பும் பொருந்திய ஒரு பச்சிலை, செலவின்றி வந்து சேருமாயின் அதனைத் தள்ளுவது அறிவுடைமை ஆகுமா?

இக்கீரையை இழிவென்று கருதாத நாடுகளும் உள. கென்யாவில் கிசி மக்கள் இதனைச் ‘சின்சாகா’ என்று பெயரிட்டு விரும்பி உண்கின்றனர். அங்கு இது குப்பையில் மட்டும் முளைப்பதில்லை, விதைத்துப் பயிராக்கப்படுகின்றது, சந்தையில் கட்டுக்கட்டாக விற்கின்றது. அவர்கள் இலையை வேகவைத்து, நீரை வடித்து, பாலோ பாலேடோ சேர்த்துக் கசப்பை அடக்குகின்றனர். தாய்லாந்தினர் இதனைப் பச்சையாக உண்ணாது, உப்புநீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, ஊறுகாயாக உண்கின்றனர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நாட்டாரும் இதனைப் பச்சையாக உண்ணலாகாது என்னும் முடிவிற்கு வந்திருத்தல் கருதத்தக்கது. கடுகிற்குக் காரத்தைத் தரும் கந்தகச் சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்த பொருள் இவ்விலையில் உண்டு. அதன் நெடிக்கும் காரத்துக்கும் அதுவே காரணம். வெந்நீரும் புளிப்பும் அதனைத் தணிக்கின்றன.

இனிப் பறிக்கும் இடத்தைப் பற்றிச் சில கூறுவோம். சங்கப்புலவர் குப்பை வேளை என்றார். நாமும் அதனையே நம்பிக் குப்பைமேட்டிற்குச் செல்லலாகாது. சொல் ஒன்றே, பொருள் வேறாகிவிட்டது. அக்காலக் குப்பை சாணமும் சாம்பலும் சருகும் ஆகும். இக்காலக் குப்பையில் பிளாஸ்டிக்கும், பாட்டரிகளும், மருந்துச் சீசாக்களும், சாக்கடை நீரும் கலந்துள்ளன. அங்கு முளைத்த இலை எத்துணைச் செழிப்பாகத் தோன்றினாலும் விடத்தக்கது. எருமிகுந்த இடத்துக் கீரையில் நைட்ரேட் உப்பும் மிகுதியாகச் சேரும். நெடுஞ்சாலை ஓரமும் ஆகாது.

புஞ்சை வரப்பில் பறிப்போர்க்கு வேறோர் எச்சரிக்கை வேண்டும். முன்னாளில் களையெடுத்தவர் பெண்டிர். களைந்ததில் கறியும் கொண்டனர். இந்நாளில் பல புஞ்சைகளில் களைக்கொல்லி மருந்து தெளிக்கின்றனர். தெளித்த அன்றே இலை வாடிவிடும் என்று எண்ணற்க. சில மருந்துகள் பட்ட செடி பல நாள்வரை பச்சையாகவே தோன்றும். பின்னரே மஞ்சளாகி மடியும். ஆதலால் கண்ணால் மட்டும் தேர்தல் போதாது. நிலத்துக்குரியவரை வினவியே பறித்தல் வேண்டும். அது நாகரிகமும் ஆகும், காவலும் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் மருந்து தெளியாத மானாவாரிப் புஞ்சையின் வரப்பும், கண்மாய்க் கரையின் மேற்புறமும், வீட்டுக் கொல்லையும் ஏற்ற இடங்கள். சீமைக் கருவேல் அடர்ந்து மூடிய கண்மாய்களில் இத்தகைய சிறுசெடிகளுக்கு இடம் அருகி வருதலும் வருந்தத்தக்கதே.

பூக்குமுன் பறித்த தளிரே சுவையுடையது. ஆனால் பூவைக் கண்டாலன்றி ஐயம் தீராது. இம்முரணுக்கு வழி யாது? முதலாண்டு உண்ணாது நோக்கல் வேண்டும். முளைத்தல் முதல் நெற்று வெடித்தல் வரை ஒரு பருவம் முழுதும் ஒரே செடியைக் கண்டவர்க்கே அடுத்த ஆண்டு தளிர் பறிக்கும் உரிமை உண்டு. அவரும் சில செடிகள் வெண்பூ ஏந்தி நிற்கும் கூட்டத்தின் நடுவிலேயே பறித்தல் நலம். முதன்முறை, அறிந்த முதியவர் ஒருவர் கையால் அக்கீரையைத் தெரிந்துகொள்ளுதல் எல்லாவற்றினும் நலம்.

சமைக்கும் முறை எளிது. கிள்ளிய தளிரை ஒரு முறத்திற் பரப்பி, வேற்றிலை ஏதும் உண்டோ என மறுமுறை ஆய்தல் வேண்டும். மண் போகும்வரை மும்முறை அலசுதல் வேண்டும். நிறைய நீரைக் கொதிக்கவைத்து, அதில் இலையை இட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம்வரை வேகவிடுக. மூடி போடற்க, நெடி வெளியேறட்டும். பின் அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டு, இலையைப் பிழிந்துகொள்க. கசப்பு மிகுந்தால் மீண்டும் ஒருமுறை புதுநீரில் கொதிக்கவைத்துப் பிழியலாம். பின்னர், வெந்த துவரம்பருப்போடும் சிறிய வெங்காயத்தோடும் சேர்த்துக் கடைந்து, இந்நாட்டு முண்டு மிளகாயும் பூண்டும் கடுகும் நல்லெண்ணெயில் தாளித்து, உப்பிட்டு இறக்குக. கம்பங்கூழுக்கும் குதிரைவாலிச் சோற்றுக்கும் இஃது ஒத்த துணை. மோர் ஊற்றி உண்டால் கசப்புத் தோன்றாது.

மோர் என்றவுடன் புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வறுமையை உரைத்த பாட்டு நினைவிற்கு வருகின்றது. அங்கும் குப்பைக்கீரையின் தளிரே உணவு. உப்பில்லை, மோரில்லை, சோறும் மறந்துபோயிற்று என்று அவர் இரங்குகின்றார். அவர் இரங்கியது கீரை உண்ண நேர்ந்ததற்கு மட்டும் அன்று. கீரைக்குரிய துணைகள் இல்லாமைக்கும் ஆகும். உப்பும் மோரும் சோறும் உடன் இருந்தால் அதுவே நல்லுணவு என்பது அவ்விரக்கத்தினுள் அடங்கியிருக்கின்றது. கென்யா நாட்டார் பால் சேர்ப்பதும், நம் புலவர் மோரில்லையே என்று ஏங்குவதும் ஒரே நாவின் அனுபவம் அன்றோ!

முதன்முறை உண்பவர் சிறிதளவே உண்டு, ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். கருவுற்ற மகளிரும், சிறுநீரகக் கல் உடையோரும் மருத்துவரைக் கேட்டே உண்க. குழந்தைகளுக்கு அளவு குறைக. உண்டபின் வாந்தியோ, நாவறட்சியோ, மயக்கமோ தோன்றினால் கைவைத்தியத்தில் காலங்கழியாது 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்க. சமைத்ததில் எஞ்சியதையும், பறித்த செடியின் மிச்சத்தையும் உடன் கொண்டுசெல்க. மருத்துவர்க்கு அவை வழிகாட்டும். எலிசா மாவைப் போட்டுப் பானையைச் சீராக்கினார் என்று படிக்கின்றோம். அது தேவனுடைய மனுஷர் செய்த அற்புதம்; நம் சமையலறைக்கு வகுத்த விதி அன்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘கசப்பதெல்லாம் நஞ்சு, ஆகவே கசப்பைக் கண்டு ஒதுங்கினாற் போதாதோ?’ எனின், போதாது. 2010-இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைப் பருகிய அறிவியலறிஞர் ஒருவர் உயிர் துறந்தார். கசக்கும் சுரைச்சாற்றைக் குடித்தலாகாது என்று அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் எச்சரித்தனர். சுரை நாம் நாள்தோறும் காணும் காய். அதன் கசப்போ பேய்க்கொம்மட்டியின் கசப்புக்கு இனம். வேளைக்கீரையும் கசப்பது, ஆயினும் அக்கசப்பு வெந்நீருக்கு அடங்குவது. சுரையின் கசப்புச் சாவின் தூது. வேளையின் கசப்புச் சமையலுக்கு ஒரு பணி. நாவுக்கு இவ்வேறுபாடு தெரியாது, அறிவுக்கே தெரியும். எனவே பொதுவிதி ஒன்றைப் பற்றிக்கொண்டு காட்டிற்குள் நுழைதல் கேடு. செடிதோறும் தனியறிவு வேண்டும்.

‘ஆயின் இவற்றை எழுதுவதே ஆபத்து, அரைகுறையாகப் படித்தவர் பறிக்கப் புறப்படுவர்’ என்று கூறுவார்க்கு நாம் மதிப்பளிக்கின்றோம். கைப்பேசியில் ஒரு படத்தைக் கண்டு கீரை பறிப்போர் பெருகிவரும் காலம் இது. இக்கட்டுரையை மட்டும் படித்து எவரும் பறிக்கலாகாது என்பதே நம் விண்ணப்பமும். ஆயினும் மறைத்தல் இதற்கு மருந்தாகாது. அறிந்தவர் வெட்கி வாய்மூட, அறியாதவர் துணிந்து பேசுவதே இன்றைய நிலை. அறிந்தவர் வாய் திறக்கும் காலமே அச்சம் நீங்கும் காலம்.

ஆகையால் நம் கலாசாலைக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். முதலாவது, தாவர நூல் பகுதியில் உலர்த்தி வைக்கும் செடிகளுக்கு இலத்தீன் பெயரோடு, அவற்றைக் கொணரும் மாணவர் ஊரில் வழங்கும் தமிழ்ப் பெயரும், உண்ணத்தக்கதா தகாததா என்னும் குறிப்பும் எழுதப்பட வேண்டும். ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறித்தலால் விளையும் விபத்தை இது தவிர்க்கும். இரண்டாவது, தமிழ்ப் பகுதியினர் சங்கநூலில் வரும் கீரைகளைப் பாடமாக மட்டும் கற்பியாது, மழைக்காலத்தில் ஒருநாள் தாவர நூல் ஆசிரியரொடும் கிராமத்து மூதாட்டி ஒருவரொடும் மாணவரைப் புலத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அன்று அம்மூதாட்டிக்கு ஆசிரியருக்குரிய நாற்காலியும் மரியாதையும் அளித்தல் முறை. மூன்றாவது, விடுமுறைக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டியிடம் ஐந்து கீரைகளின் பெயரும், அடையாளமும், பக்குவமும், ‘இதனைத் தொடாதே’ என்று அவர் விலக்கும் செடிகளும் கேட்டெழுதி வர வேண்டும். உண்பனவற்றினும் விலக்குவனவே முதலில் எழுதத்தக்கன.

இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பட்டம் பெற்றோர் பட்டம் பெறாதோரிடம் கைகட்டி நின்று கேட்கும் மனம் ஒன்றே வேண்டும். கில்காலில் அக்கூழை உண்ண அமர்ந்தவர் தீர்க்கதரிசிகளின் புத்திரர். அக்காலத்துக் கல்வியாளர் அவரே. கல்வி பெற்றிருந்தும் கொடியை அறிந்தாரல்லர். எழுத்தறியாத கிணைமகள் கீரையை அறிந்திருந்தாள். அவள் அறிவும் இவர் கல்வியும் ஒரு பானையிற் சேருமாயின் அப்பானையிற் சாவு இராது. அதனை உண்பவர் கதவை அடைக்கவும் வேண்டியதில்லை.